தயாரான பிறகு வேலையா, வேலையில் சேர்ந்து தயாராவதா?

அவிநாசிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருடைய மகனுக்கு 23 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவர். சிறப்புப் பள்ளி முடிந்த பிறகு ஒரு தொழிற்பயிற்சி மையத்துக்குப் போய்வருகிறார். அங்கே காகித உறையும் மெழுகுவத்தியும் செய்கிறார்கள். 'இன்னும் தயாராகவில்லை' என்றே ஒவ்வோர் ஆண்டும் பதில் வருகிறது. சுற்றிலும் இத்தனை பனியன் கம்பெனிகள் இருக்கும்போது, மற்றவர்களோடு சேர்ந்து அவரும் ஒரு வேலைக்குப் போக முடியாதா, அதற்குக் குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்று அந்தத் தாய் கேட்கிறார்.

போக முடியும். 'தயாராகட்டும்' என்று காத்திருப்பதை நிறுத்திவிடுங்கள் என்பதே என் முதல் பதில். மையத்தில் இருப்பவர்கள் வேண்டுமென்றே தடுக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் பயிற்சி, பிறகு வேலை என்ற வரிசை யாருக்கும் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால், அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவருக்கு ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்கு எடுத்துச் செல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமான காரியம். எத்தனை ஆண்டுகள் மெழுகுவத்தி வார்த்தாலும், செக்கிங் டேபிளின் முன் நின்று வேலை பார்க்கும் பழக்கமோ, பவர் டேபிள் எனப்படும் தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே சூப்பர்வைசர் சொல்வதைக் கவனிக்கும் பழக்கமோ, புதிய முகங்களோடு டீ குடிக்கும் பழக்கமோ அதனால் வந்துவிடாது. அவை அந்த இடத்திலேயே கற்க வேண்டியவை. நம் பக்கத்துப் பிள்ளைகள் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகிய விதத்தை நினைத்துப் பாருங்கள். முதுகில் சுரைப்புருடையைக் கட்டித் தண்ணீரில் இறக்கிவிடுவார்கள்; கை கால் பழகப் பழகப் புருடையைக் கழற்றுவார்கள்; மாமனோ அண்ணனோ பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

இந்த அணுகுமுறைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1970-களில் மார்க் கோல்ட் என்பவர், எதற்கும் பயன்பட மாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த, கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு, 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். ஒருவர் கற்கவில்லை என்றால் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும் என்பது அவர் பிடித்துக்கொண்டிருந்த கொள்கை. அடுத்த பத்தாண்டில் வர்ஜீனியாவில் பால் வேமன் முதலியோர், முதலில் உண்மையான வேலையில் அமர்த்தி, அங்கேயே பயிற்றுநரை உடன் வைத்துப் பழக்கும் முறையை வளர்த்தெடுத்தார்கள். 1986-இல் அது 'ஆதரவுடன் கூடிய வேலை' என்ற பெயரில் அந்நாட்டின் மறுவாழ்வுச் சட்டத்தில் இடம்பெற்றது. வெர்மான்ட் மாநிலம் மாற்றுத்திறனாளிகளை மட்டும் தனியே வைத்து வேலை வாங்கும் கூடங்களைப் படிப்படியாக மூடி, 2002-இல் கடைசிக் கூடத்தையும் மூடிவிட்டது. நம் நாடு 2007-இல் ஏற்புறுதி அளித்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவும், எல்லோரும் வேலை செய்யும் பொதுவான இடத்தில் வேலை செய்து பிழைக்கும் உரிமையைத்தான் பேசுகிறது.

இனி உங்கள் மகனிடம் வருவோம். அடையாள அட்டையில் குறைபாட்டின் விழுக்காடு இருக்கும். அதை வைத்து எந்த வேலையையும் தேட முடியாது. வேலை தேட வேண்டியது அவருடைய ஒரு நாளிலிருந்து. காலையில் எழுந்தது முதல் இரவு வரை அவர் தாமாகச் செய்பவை எவை, சொன்னால் செய்பவை எவை, எந்த நேரத்தில் சுறுசுறுப்பாக இருக்கிறார், எந்தச் சத்தம் அவரைத் தொந்தரவு செய்கிறது, யாரிடம் சிரித்துப் பேசுகிறார், எதைச் செய்யும்போது அவரைக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்று இரண்டு வாரம் கவனித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டார் மட்டும் எழுதினால் போதாது. பெற்ற தாய்க்குத் தெரியாத ஒன்று மளிகைக் கடைக்காரருக்கோ, மாரியம்மன் கோயில் பூசாரிக்கோ தெரிந்திருக்கும். துணி மடித்து அடுக்குவதில் அவருக்கு ஒழுங்கு உண்டு என்றும், கூட்டத்தில் பதற்றம் வரும் என்றும், மணி பார்க்கத் தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்று செய்திகளும் சேர்ந்தே எனக்கு ஒரு வேலையைக் காட்டுகின்றன: ஆட்கள் நெருக்கியடித்து நிற்காத, துணியைக் கையாளும், நேரத்தைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரு வேலை. அவர் என்ன விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்க வேண்டும். வாயால் சொல்ல முடியாதவராக இருந்தால் இரண்டு மூன்று இடங்களுக்கு அழைத்துப் போய் அரை மணி நேரம் நிற்க வைத்துப் பாருங்கள்; எங்கே கால் பதிகிறது, எங்கே கையைப் பிடித்து இழுத்து வெளியேறுகிறார் என்பது தெரிந்துவிடும்.

வேலை கிடைக்கும் இடத்தைப் பொறுத்தவரை கொங்கு நாட்டுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அதை நாம் போதுமான அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம். திருப்பூரில் பனியன், கோவையில் பம்புசெட்டும் கிரைண்டரும், கரூரில் வீட்டு உபயோகத் துணி, சென்னிமலையில் தறி, பொள்ளாச்சியில் தென்னை நார், நாமக்கல்லில் கோழிப்பண்ணை என்று தொழில் ஊர் ஊராகப் பரவிக் கிடக்கிறது. அவற்றில் பெரும்பகுதி சிறு நிறுவனங்கள். முதலாளி மாடியில் கண்ணாடி அறைக்குள் இருப்பதில்லை; பட்டறையிலேயே நிற்கிறார். அவரே ஒரு காலத்தில் டெய்லராகவோ கட்டிங் மாஸ்டராகவோ லேத் ஓட்டியவராகவோ இருந்திருப்பார். வேலையைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரியும். முடிவெடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெரிய நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, 30 பேர் வேலை செய்யும் ஒரு யூனிட்டுக்கு நேரில் போவது பலன் தரும். யாருடைய உறவினர் எங்கே யூனிட் வைத்திருக்கிறார், யாருக்கு ஜாப் ஆர்டர் கொடுக்கிறார் என்பது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்த அறிமுகத்தைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

ஆனால் போய்ச் சொல்வது என்ன என்பது முக்கியம். 'பாவம்ங்க, ஏதாவது ஒரு வேலை போட்டுக் குடுங்க' என்று கேட்டால், முதலாளி இரக்கப்பட்டு ஓர் ஓரத்தில் உட்கார வைத்து, மாதம் ஒரு தொகையைக் கொடுத்துவிடுவார். அது வேலை ஆகாது. ஆர்டர் குறைந்த முதல் மாதத்திலேயே நின்றும் போகும். அதற்குப் பதிலாக, அந்த யூனிட்டில் எந்த வேலை தேங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான இடங்களில் பதில் ஒன்றுதான்: கைத்திறன் உள்ள ஆள் தன் வேலையை விட்டுவிட்டுச் சில்லறை வேலைகளுக்கு எழுந்து போகிறார். டெய்லர் தானே போய்க் கட்டு எடுத்து வருகிறார். செக்கிங் பெண்களே தைத்த பீஸைச் சைஸ் வாரியாகப் பிரிக்கிறார்கள். அயர்ன் மாஸ்டர் அட்டை எடுக்க எழுந்து போகிறார். இந்தத் துண்டு வேலைகளைச் சேர்த்தால் ஒருவருக்கு முழு நாள் வேலை ஆகும். அப்படிச் சேர்த்து உருவாக்கும் வேலையில் முதலாளிக்கும் கணக்கு உதைக்காது. அதனால் அது நிலைக்கும்.

முதலாளிகளுக்கு உண்மையான அச்சங்களும் உண்டு. அவற்றை அலட்சியம் செய்யக்கூடாது. 'ஏனுங்க, கைய கிய்ய வெட்டிக்கிட்டா யாருங்க பதில் சொல்றது?' என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் மற்றவர்களுக்கு இருக்கும் அதே இ.எஸ்.ஐ. பாதுகாப்பு இவருக்கும் உண்டு. இ.எஸ்.ஐ.க்கான மாதச் சம்பள உச்சவரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய் என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாய். 2008-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் ஊக்கத்திட்டம், மாற்றுத்திறனாளிக்காகத் தனியார் நிறுவனம் கட்ட வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கை முதல் மூன்று ஆண்டுகளுக்கு அரசே ஏற்கும் வகையில் அமைக்கப்பட்டது. இவற்றைத் தெரிந்துகொண்டு போய்ப் பேசினால் மரியாதை கிடைக்கும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு தருகிறது. தனியாருக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. பணியாளர்களில் குறைந்தது 5 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி அரசு ஊக்கம் தர வேண்டும் என்று மட்டுமே அது சொல்கிறது. ஆயினும் ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணிகள் எவை, என்னென்ன வசதிகள் தரப்படும் என்பதை அந்தக் கொள்கையில் குறிப்பிட வேண்டும். ஏற்றுமதி நிறுவனங்கள் வெளிநாட்டு வாங்குநரின் தணிக்கைக்காகவேனும் இத்தகைய கோப்புகளைச் சரியாக வைத்திருக்க விரும்புகின்றன.

சம்பளம் பற்றி மிகக் கண்டிப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 'பழகட்டும்' என்ற பெயரில் மாதக்கணக்கில் சும்மா வேலை வாங்குவதற்கு இடம் கொடுக்காதீர்கள். எத்தனை நாள் பழகும் காலம், அது முடிந்ததும் என்ன சம்பளம் என்பதைத் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள். குறைபாடு இருப்பதால் குறைவாகக் கொடுக்கலாம் என்ற எண்ணம் பழையது. அமெரிக்காவின் 1938-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்திலும் அதற்கு வழி இருந்தது, நம்முடைய 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலும் மாற்றுத்திறனாளிகளின் ஊதியத்துக்கு விலக்களிக்க அரசுக்கு இடம் கொடுக்கும் பிரிவு இருந்தது. உரிமை பேசும் காலத்தில் அந்த எண்ணத்துக்கு நியாயம் இல்லை. திருப்பூரில் பீஸ் ரேட் என்றால், அதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. எண்ணிக்கைக்கேற்ற கூலி என்பதால் யாரும் பாரபட்சம் காட்ட முடியாது என்பது நன்மை. கை மெதுவாக உள்ளவர் ஒரு ஷிப்ட் முழுவதும் நின்றும் வீட்டுக்குச் சொற்பத் தொகையையே கொண்டுபோவார் என்பது ஆபத்து. ஆகவே தொடக்கத்தில் ஷிப்ட் சம்பளத்தில் சேர்ப்பதே நல்லது. சனிக்கிழமைச் சம்பளம் அவர் கையிலேயே, அல்லது அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலேயே சேர வேண்டும். அதில் ஒரு பகுதியை அவர் விரும்பியபடி, வீட்டில் யாரும் கணக்குக் கேட்காமல், செலவு செய்ய விட வேண்டும்.

இப்போது முதல் சில வாரங்களுக்கு வருகிறேன். எல்லாம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். உங்கள் மகனுக்குப் பிசிறு வெட்டும் வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'டீ-சர்ட்டில் தொங்கும் நூலை எல்லாம் வெட்டு' என்று சொன்னால் அவருக்குப் புரியாது. எல்லா நூலும் எங்கே இருக்கின்றன என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. பீஸைக் கையில் எடுக்கிறார், கழுத்தைப் பார்க்கிறார், வெட்டுகிறார், புரட்டுகிறார். புரட்டும்போது எந்தக் கை முடிந்தது, எந்தக் கை பாக்கி என்பது மறந்துபோகிறது. செக்கிங்கில் இடது கை நூலோடு பீஸ் திரும்பி வருகிறது. 'கவனமில்லை' என்று பெயர் ஆகிவிடுகிறது. அங்கே செய்ய வேண்டியது, தொடங்கும் இடத்தை மாற்றாமல் வைப்பது. கழுத்து லேபிளை எப்போதும் தன் பக்கம் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். லேபிளில் தொடங்கி, வலது தோள், வலது கை, வலது பக்கத் தையல், கீழ் மடிப்பு, இடது பக்கத் தையல், இடது கை, இடது தோள், மறுபடியும் லேபிள். விரல் ஒரு சுற்று சுற்றி வந்த பிறகுதான் பீஸ் கையை விட்டுப் போக வேண்டும். முதலில் பயிற்றுநர் அவர் விரலோடு தன் விரலை வைத்து நடத்துகிறார். பிறகு சுட்டிக் காட்டுகிறார். பிறகு பக்கத்தில் நின்று பார்க்கிறார். பிறகு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுகிறார். கீழ்ப் படி உறுதியாகும் முன் மேல் படிக்குத் தாவக்கூடாது. உறுதியான பிறகும் கூடவே நின்றுகொண்டிருக்கக்கூடாது. பேக்கிங்காக இருந்தால், எண்ணத் தெரியாதவருக்குப் பத்துக் கட்டம் வரைந்த ஓர் அட்டை போதும். கட்டத்துக்கு ஒரு பீஸ் வைத்து, கட்டம் நிறைந்ததும் பெட்டிக்குள் போட்டுவிடலாம். சட்டம் 'நியாயமான ஏற்பாடு' என்று சொல்வது பெரும்பாலும் இப்படிச் செலவில்லாத பொருளாகத்தான் இருக்கிறது.

இந்த முதல் கட்டத்துக்கு மையத்தின் பயிற்றுநர் ஒருவர் அவரோடு கம்பெனிக்குள் போக வேண்டும். அவர் முதல் நாளிலிருந்தே தம் இடத்துக்கு வேறொருவரைத் தயார் செய்ய வேண்டும். கம்பெனியில் பொறுமையும் சற்று அதிகாரமும் உள்ள ஓர் அக்காவோ அண்ணனோ கட்டாயம் இருப்பார். பயிற்றுநர் விலகிய பிறகு உங்கள் மகன் கேள்வி கேட்கப் போவது அவரிடம்தான். பயிற்றுநர் எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொண்டால் சூப்பர்வைசர் உங்கள் மகனிடம் நேரடியாகப் பேசவே மாட்டார். 'உங்க பையன்கிட்டச் சொல்லுங்க' என்று பயிற்றுநரிடம்தான் சொல்வார். அந்தப் பழக்கம் ஏற்பட்டுவிட்டால் பயிற்றுநர் விலகும் நாளில் வேலையும் போய்விடும்.

டீ நேரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை தெரிந்தும் வேலையை விட்டுப் போனவர்களில் பலர், நான் பார்த்த வரையில், டேபிளில் தோற்கவில்லை, இடைவேளையில்தான் தோற்றார்கள். டேபிளில் என்ன செய்வது என்பது தெளிவாக இருக்கிறது. டீ நேரத்தில் எங்கே நிற்பது, யாரிடம் என்ன பேசுவது, கேலி செய்தால் எப்படி எடுத்துக்கொள்வது என்பவை எவரும் சொல்லித் தராதவை. முதல் வாரத்திலேயே யாரோடு டீ குடிக்கிறார், சோற்றுப் போசியை எங்கே வைக்கிறார், எந்தக் குழாயில் கை கழுவுகிறார், கழிப்பறை எது என்பதெல்லாம் முடிவாகிவிட வேண்டும். அவருக்குச் சினிமாப் பாட்டிலோ கிரிக்கெட்டிலோ ஆர்வம் இருந்தால் அதைக் கூட வேலை செய்பவர்களிடம் சொல்லி வையுங்கள். பேச்சுக்கு ஒரு பிடி கிடைத்தால் போதும்; மற்றதை நம் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்தது பஸ். தமிழ்நாடு அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் செல்லும் துணையாளர் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. ஆனால் நம் பகுதியில் தனியார் டவுன் பஸ்களும் மினி பஸ்களும் நிறைய. அவற்றில் இந்தச் சலுகை செல்லாது. இரண்டையும் நிறத்தையும் பலகையையும் பார்த்துப் பிரித்தறியப் பழக்குவதும் பயிற்சியின் ஒரு பகுதி. வேலையைப் போலவே பயணத்தையும் படிப்படியாகப் பழக்க வேண்டும்: உடன் உட்காருவது, பின் சீட்டில் உட்காருவது, நிறுத்தத்தில் ஏற்றிவிட்டு இறங்குமிடத்தில் காத்திருப்பது, கடைசியில் தனியே அனுப்புவது. கம்பெனி வேன் உங்கள் ஊர் வழியாக வருமானால் அதுவே மிகச் சுலபம். நைட் ஷிப்டுக்கு ஆரம்பத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏற்றுமதி அவசரத்தில் ஒன்றரை ஷிப்ட் நிற்கச் சொல்வது வழக்கம் என்பதால், அதைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வீட்டுக்குள்ளிருந்து வரும் தடைகளையும் சொல்லாமல் இருக்க முடியாது. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் வேலையை மறுத்த குடும்பங்கள் உண்டு. அக்கம்பக்கத்துப் பேச்சை நம்பாமல், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உங்கள் மகனின் நிலையைச் சொல்லி, எழுத்திலேயே கேட்டு, பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள். சட்டப்படியான காப்பாளர் (கார்டியன்) இவர் என்று காட்டும் சான்றிதழ் இல்லாமல் வேலைக்கு அனுப்பலாமா என்றும் கேட்கிறார்கள். மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களுக்கு இணையான சட்டத்தகுதி உண்டு என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது, வேலையில் சேர அந்தச் சான்றிதழ் முன்நிபந்தனை அல்ல. தனித்துவ அடையாள அட்டை, ஆதார், அவர் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவை இருந்தால் போதும். இதைவிடப் பெரிய தடை, 'ஊர் என்ன சொல்லும், பிள்ளையைக் கூலி வேலைக்கு அனுப்பிச் சாப்பிடுகிறார்கள் என்று பேசுவார்களே' என்ற கூச்சம். சொந்த உழைப்பில் சம்பளம் வாங்கும் மகனைப் பற்றி வெட்கப்பட ஒன்றும் இல்லை. மகள்களாக இருந்தால் தடை இரட்டிப்பாகிறது. பாதுகாப்பைப் பற்றிய அச்சம் உண்மையானதுதான். அதற்குப் பதில் வீட்டில் பூட்டி வைப்பது அல்ல. பெண்கள் அதிகம் வேலை செய்யும் செக்கிங், பேக்கிங் பிரிவுகளையும், தெரிந்த பெண் ஒருவர் ஏறி இறங்கும் வேனையும் தேட வேண்டும். தகாத தொடுதலைப் பெயர் சொல்லிச் சொல்லவும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று அறியவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

வேறு குறைபாடுகளுக்கு இதே நெறியைத்தான் சற்று மாற்றிப் பயன்படுத்துகிறோம். காது கேளாதவருக்குச் சைகை மொழி தெரிந்த ஒருவர் சேரும் நாளிலும் மாதம் ஒருமுறையும் வந்து பேசினாலே பாதிச் சிக்கல் தீரும். மனநலப் பாதிப்புக்குச் சிகிச்சை பெறுபவர்களை 'முழுக்கக் குணமான பிறகு பார்க்கலாம்' என்று நிறுத்தி வைக்கக்கூடாது. அமெரிக்காவில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் என்ற ஆய்வாளர்கள் 1990-களில் வளர்த்த முறையில், வேலை வேண்டும் என்று அவர் கேட்பதே தகுதி, சிகிச்சைக் குழுவும் வேலை தேடித் தருபவரும் சேர்ந்தே இயங்குவார்கள்.

முதல் வேலை நிலைக்காமல் போகலாம். திருப்பூரில் ஆர்டர் இல்லாத மாதங்களில் எல்லோருக்குமே வேலை இருப்பதில்லை. மற்றவர்கள் அடுத்த கம்பெனிக்குப் போகிறார்கள், உங்கள் மகனும் போகலாம். அப்போது மையம் அவரைக் காகித உறைக்குத் திருப்பி அழைத்துக்கொள்ளாமல் அடுத்த யூனிட்டைத் தேட வேண்டும். எந்த வேலையை, எப்படிப் பழகினார், எந்த இடத்தில் தடுமாறினார் என்று பயிற்றுநர் எழுதி வைத்த நோட்டு அப்போதுதான் உதவும்.

ஆகவே, மையத்தின் பொறுப்பாளரை அடுத்த முறை சந்திக்கும்போது, மகன் எப்போது தயாராவார் என்று கேட்காதீர்கள். ஒரு பயிற்றுநரின் வேலை நேரத்தில் ஒரு மாதத்தை அவருக்காக ஒதுக்கித் தர முடியுமா, அந்த மாதத்தில் பாதி நாள்கள் அந்தப் பயிற்றுநர் மையத்துக்கு வெளியே ஒரு யூனிட்டில் இருக்கலாமா, அதன் பிறகு வாரம் ஒருமுறையேனும் வந்து பார்ப்பாரா என்று கேளுங்கள். முடியாது என்றால், அதே கேள்வியோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும், கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் உள்ள மற்றத் தொண்டு நிறுவனங்களிடமும் போங்கள். கூடவே, நீங்கள் எழுதிய நோட்டையும், உங்கள் மகனையும் அழைத்துக்கொண்டு போங்கள்.